இரண்டு பக்கமும் தலையாட்டிய காட்டெருமை

மலையடிவாரத்துக் காடு ஒன்றில், வெயில் கொளுத்திய ஒரு கோடையில் நடந்த கதை இது, பிள்ளைகளே. ஓடைகள் எல்லாம் வற்றிவிட்டன. புல்வெளி ஓரத்துக் குட்டையில் மட்டும்தான் நிறையத் தண்ணீர் இருந்தது. அந்தக் குட்டையைச் சுற்றிக் காட்டெருமைகளும் புள்ளிமான்களும் வாழ்ந்தன.

இரண்டு கூட்டத்துக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. காட்டெருமைகள் படுத்து அசைபோடும்போது மான்கள் காதை நிமிர்த்திக் காவல் நிற்கும். ஆபத்து வந்தால், காட்டெருமைத் தலைவன் பெருங்கொம்பன் முன்காலால் தரையை ஓங்கி உதைக்கும். உடனே காட்டெருமைகள் கொம்புகளை வெளியே நீட்டி வட்டம் கட்டும். கன்றுகளும் மான்குட்டிகளும் அந்த வட்டத்துக்குள் ஓடிவிடும். அதற்குள் புகுந்த மிருகம் அதுவரை ஒன்றுகூட இல்லை.

அப்படியிருக்க, வற்றிக் கிடந்த ஆற்றுக்கு அக்கரையிலிருந்து செந்நாய்கள் வந்து சேர்ந்தன. அவற்றின் தலைவியின் பெயர் சீறி. அது மான்களைப் பார்த்து, "மரியாதையாகக் குட்டையை விட்டுக் கிளம்புங்கள். இல்லாவிட்டால் உங்கள் குட்டிகள் எங்களுக்கு இரை" என்றது.

மான்களின் தலைவி செவ்வந்தி தன் குட்டியைத் திரும்பிப் பார்த்தது. அதன் குட்டி பிறந்து சில நாள்தான் ஆகிறது. வேகமாக ஓட வராது. மேட்டுக்கு அப்பால் ஒரு முட்காடு இருந்தது. அங்கே தண்ணீர் குறைவு, ஆனால் குட்டிகளை ஒளித்து வைக்கலாம். மெல்ல நடத்திக் கூட்டிப்போக ஒரு பகல் வேண்டும்.

செவ்வந்தி பெருங்கொம்பனிடம் ஓடியது.

"அண்ணா, நேராகவே கேட்கிறேன். செந்நாய்கள் வந்தால் வட்டம் கட்டுவீர்களா? மாட்டீர்கள் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். நான் குட்டிகளை முட்காட்டுக்குக் கூட்டிப்போய்விடுகிறேன்."

பெருங்கொம்பனுக்கு யார் முகத்தையும் முறித்துப் பேச வராது. "என்ன தங்கச்சி இப்படிக் கேட்டுவிட்டாய்? உன் குட்டி வேறு, என் கன்று வேறா? நான் இருக்கிறேன். ஓர் அடிகூட நகராதே!" என்றது.

"என் வயிற்றில் பாலை வார்த்தீர்கள், அண்ணா!" என்றது செவ்வந்தி. நேரே போய்ச் செந்நாய்களிடம், "நாங்கள் கிளம்பமாட்டோம். உங்களால் ஆனதைப் பாருங்கள்!" என்று சொல்லிவிட்டது.

சீறி மட்டும் லேசுப்பட்டதா? பெருங்கொம்பன் தனியாக மேயும் நேரம் பார்த்து வந்தது.

"பெரியவரே, மறைப்பானேன்? உங்கள் கொம்பு என்றால் எங்களுக்குப் பயம்தான். மான்களுக்காக நீங்கள் நிற்பீர்கள் என்றால், நாங்கள் வந்த வழியே போய்விடுகிறோம். நிற்பீர்களா?"

பாருங்கள் பிள்ளைகளே, 'நிற்பேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சண்டை அங்கேயே முடிந்திருக்கும். அந்த மகராசன் என்ன சொன்னது தெரியுமா?

"அட, நான் பாட்டுக்குப் புல்லைத் தின்று கிடக்கிறவன். உங்களோடு எனக்கு என்ன பகை? அது உங்களுக்கும் மான்களுக்கும் உள்ள விவகாரம்."

சீறி நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு போய்விட்டது.

பெருங்கொம்பனின் முதுகில் உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்த மைனாவுக்குப் பொறுக்கவில்லை. "என்னங்க ஐயா, அங்கே ஒன்று சொல்கிறீர்கள், இங்கே ஒன்று சொல்கிறீர்கள்! இரண்டு பேருமே உங்களை நம்பிக் களத்தில் இறங்கினால்?"

"வாயை மூடு! மானுக்கும் பயம் போய்விட்டது. செந்நாய்க்கும் என்மேல் வருத்தம் இல்லை. பிறகு சண்டை எங்கிருந்து வரும்? இதற்குப் பெயர்தான் சாமர்த்தியம்."

சாமர்த்தியமாம், சாமர்த்தியம்! எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அதன் கொம்பைப் பிடித்து உலுக்கலாம் போலிருக்கிறது.

மறுநாள் உச்சி வெயிலில் செந்நாய்கள் வந்தன. புதரெல்லாம் சலசலத்தது. மான்கள் ஓடவில்லை. பெருங்கொம்பனையே பார்த்து நின்றன.

பெருங்கொம்பன் முன்காலைத் தூக்கித் தரையை ஓங்கி உதைத்தது. கன்றுகளும் மான்குட்டிகளும் பழக்கப்படி நடுவே ஓடிவந்தன.

அந்த நேரம் பார்த்துச் சீறி கத்தியது: "பெரியவரே! பகை இல்லை என்றீர்களே!"

பெருங்கொம்பன் திகைத்தது. சொன்ன சொல் நினைவுக்கு வந்தது. மெல்லப் பின்வாங்கியது.

போயிற்று, எல்லாம் போயிற்று! உதைத்ததைப் பார்த்த காட்டெருமைகள் கொம்பை நீட்டி நின்றன. பின்வாங்கியதைப் பார்த்த காட்டெருமைகள் புதர்ப் பக்கம் நகர்ந்தன. வட்டம் பாதியிலேயே நின்றது. திறந்து கிடந்த பக்கமாகச் செந்நாய்கள் உள்ளே பாய்ந்தன. நின்ற காட்டெருமைகள் திரும்பிக் குத்தத் தொடங்கின. எங்கும் புழுதியும் அலறலும்தான்.

புழுதி அடங்கியபோது செவ்வந்தியின் குட்டி செத்துக் கிடந்தது. பக்கத்திலேயே பெருங்கொம்பனின் கன்றும் கிடந்தது. செந்நாய்களிலும் பல குத்துப்பட்டு விழுந்துவிட்டன.

பெருங்கொம்பன் கன்றை முகர்ந்து பார்த்து ஓவென்று அலறியது. "இது என் கன்று! என் கன்று உங்களுக்கு என்ன செய்தது?"

விலா கிழிந்து நின்ற சீறி சொன்னது: "எங்கள் கூட்டம் மட்டும் உனக்கு என்ன செய்தது? நிற்பேன் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால், நாங்கள் வந்தே இருக்கமாட்டோமே!"

செவ்வந்தி தன் குட்டியை நக்கிக்கொண்டே சொன்னது: "நிற்கமாட்டேன் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால், என் குட்டி இந்நேரம் முட்காட்டில் பால் குடித்துக்கொண்டிருக்குமே, அண்ணா."

இருவருக்கும் பிடித்த மாதிரி ஏதாவது சொல்லப் பெருங்கொம்பன் வாயைத் திறந்தது. அதைக் கேட்க நிற்காமல் இரண்டும் ஆளுக்கொரு திசையில் நடந்தன.

நீதி: துணைக்கு நிற்பாயா என்று கேட்டால், நண்பனுக்கும் எதிரிக்கும் ஒரே பதிலைச் சொல்.