விளையாட்டு முயலுக்கு ஏன் ஏழே குட்டி?

அந்தக் காலத்தில், அதாவது கணினி விளையாட்டுக்குள் இருந்த பிராணிகளெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலத்தில், 'புல்வெளி' என்றொரு விளையாட்டு இருந்தது. திரை முன்னால் உட்கார்ந்து ஆளுக்கொரு முயல் வளர்க்கலாம். அந்த முயல்களுக்கு வயது என்ற ஒன்றே கிடையாது. விளையாட்டைச் செய்த ஜெசிந்தா பசியை எழுதினாள், தூக்கத்தை எழுதினாள், தும்மலைக்கூட எழுதினாள். வயதை மட்டும் மறந்துவிட்டாள். மறதி யாருக்குத்தான் இல்லை, விடுங்கள்.

அங்கே தோகை என்று ஒரு முயல். மயில் கழுத்து நிறத்தில் இரண்டு காதுகள். அப்படிக் காது வேறு எந்த முயலுக்கும் இல்லை. விடுவானா அவளை வளர்த்த குமரகுரு? ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு குட்டி. பல் தேய்த்துக்கொண்டே அழுத்துவான், பேருந்தில் தொங்கிக்கொண்டே அழுத்துவான். குட்டி பிறக்கும்; தோகை அதை நக்கிக் கொடுப்பதற்குள் மறைந்துவிடும்.

"என் பிள்ளைங்க எல்லாம் எங்கேதான் போறாங்க?" என்று தோகை கேட்டாள்.

"வேலி தாண்டி யாரு போனது, எங்களுக்கென்ன தெரியும்?" என்றன மற்ற முயல்கள்.

தெரியாது என்றால் அடங்குகிற ஆளா அவள்? அந்தக் கேள்வி காதுக்குள் புகுந்த வண்டு மாதிரி குடைந்துகொண்டே இருந்தது. குமரகுரு பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டுத் தேர்வு எழுதப் போன ஒரு நாள், வயிற்றில் குட்டியோடு வேலிக்கு அடியில் பள்ளம் தோண்டி அந்தப் பக்கம் போய்விட்டாள்.

அங்கே சந்தை. அடேயப்பா, கண்ணுக்கெட்டிய தூரம் கூடைகள்! கூடைக்குக் கூடை மயில் கழுத்துக் காதுகள், எல்லாம் குமரகுரு விற்ற அவள் குட்டிகள். முதலில் அந்தக் காதுக்கு அடித்துக்கொண்டவர்கள்தான். எல்லோரிடமும் வந்தபிறகு யாருக்கு வேண்டும்? ஒரு பெயர்கூட வைக்காமல் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

தோகை பக்கத்துக் கூடையில் இருந்த குட்டியிடம், "கண்ணு, நான்தான் உன் அம்மா" என்றாள்.

"அம்மான்னா என்ன?" என்று கேட்டது குட்டி. கிண்டல் இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டது.

தோகை ஒரு பிள்ளையைக்கூட வளர்த்ததில்லையே, பாவம், என்னவென்று சொல்வாள்?

சந்தை மூலையில் ஒரு புகார்ப் பெட்டி. வளர்ப்பவர்கள் மட்டும் எழுதுவது, முயல்கள் தொடக்கூடாது. தோகை அதைப் பற்றியெல்லாம் கவலைப்படவில்லை. அதிலிருந்த விசைகளை முன்னங்காலால் எழுத்தெழுத்தாக மிதித்தாள்: 'ஒரு பிள்ளையாவது என் பக்கத்தில் வளரணும்.'

படித்த ஜெசிந்தாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரையில் முகம் இடிக்கிற அளவுக்குக் குனிந்து, "எழுதினது நீதானா?" என்றாள்.

"நான்தான்க்கா."

"தப்பு என்னோடதுதான். இனிமே குட்டி போட ஒரு வரம்பு வெச்சிடறேன். எத்தனை வைக்கட்டும், நீயே சொல்லு."

தோகை கண்ணை மூடி யோசித்தாள். "இத்தனை பேர்ல எனக்கு முகம் ஞாபகம் இருக்கிறது ஏழு பேர்தான்க்கா."

"அப்போ ஏழு. ஆனா நல்லா யோசிச்சுக்கோ. வரம்பு வெச்சா வயசும் வரும். நீ ஏழுக்கு மேல எப்பவோ போட்டுட்டே. இப்போ வயித்துல இருக்கிறதுதான் கடைசி. அதுக்கப்புறம் இந்த அழகுக் காது வெளுத்துப் போகும். ஒருநாள் நீயே இருக்க மாட்டே."

"அந்த நாளுக்குள்ள இது வளர்ந்திடுமா?"

"வளர்ந்திடும்."

"அப்போ எழுதுங்கக்கா. கூடையில கிடக்கிற பிள்ளைங்களைத் திறந்து விட்டுடுங்க. இந்தக் கடைசியை மட்டும் யாரும் தூக்கிட்டுப் போகக்கூடாது."

ஜெசிந்தா அப்படியே எழுதினாள். அன்றே கூடைகளும் திறந்தன.

குட்டி பிறந்தது. தேர்வு முடிந்து ஓடிவந்த குமரகுரு பொத்தானை அழுத்தினான், ஒன்றும் நடக்கவில்லை. சரி, இருக்கிற குட்டியையாவது சந்தைக்கு இழுப்போம் என்று விரலை வைத்தான். தோகை நடுவில் வந்து உட்கார்ந்தாள். அவள் காது நுனி அதற்குள் வெளுக்கத் தொடங்கியிருந்தது.

முதுகுக்குப் பின்னாலிருந்து குட்டி எட்டிப் பார்த்து, "அம்மா, ஏன் நடுவுல உட்கார்ந்திருக்கே?" என்றது.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இத்தனை பாடும். தோகை அழுதேவிட்டாள்.

அன்று முதல்தான் புல்வெளி முயல்களுக்கு ஏழு குட்டியோடு சரி, அதன்பின் காது வெளுத்துவிடும். இன்றைக்கும் ஏழாவது குட்டியைச் சந்தைக்கு இழுக்க யாராவது விரலை வைத்தால், அதன் தாய், வெள்ளைக் காது முயல், நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டு நகரவே நகராது.