குகையிலிருந்து வந்த குரல்

குழந்தைகளே, உச்சிவேளையிலும் பனி இறங்கும் ஒரு காட்டில் மருதி என்ற புள்ளிமான் இருந்தது. அதற்குத் துளிர் என்று ஒரே குட்டி. மழை தொடங்கிய நாளில் துளிரின் அப்பாவான கலைமான் மேயப் போனது, திரும்பவே இல்லை. காட்டின் நடுவில் ஒரு கருங்குகை உண்டு. அந்தப் பக்கம் போன பலரும் அப்படித்தான் மறைந்தார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியாது. குகையருகே குருவிகூடக் கத்தாது.

'நான் மேயப் போகும்போது துளிரை யார் பார்ப்பது? பனியிலும் கண் தெரிகிற பூனை ஒன்று காவலுக்குக் கிடைத்தால் நல்லது' என்று நினைத்தது மருதி.

முதலில் ஒரு வெள்ளைப் பூனை வந்தது. உடம்பெல்லாம் பஞ்சுபோல் ரோமம்.

"என் பெயர் வெண்பட்டு. என் பாட்டனார் அரசியின் மடியில் வளர்ந்தவர். எங்கள் வம்சத்தில் பயந்தவர் ஒருவரும் இல்லை" என்றது.

மருதிக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

அப்போது அதே காட்டில் வாழ்ந்த கரடி ஒன்று இன்னொரு பூனையை அழைத்துவந்தது. மெலிந்த உடம்பு. ஒரு காது அடியோடு அறுந்திருந்தது.

"இவன் ஒற்றைக்காதன். வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டவனைத் தூக்கிவந்தேன். காது ரொம்பக் கூர்மை" என்றது கரடி.

"இருப்பதே ஒரு காது, அதில் கூர்மை வேறா?" என்று சிரித்தது மருதி. "ஏனப்பா, உன் தாய் தகப்பன் யார்?"

"தெரியாதம்மா. எனக்கு நினைவு வந்தபோது தண்ணீரில் கிடந்தேன்."

"குலம் கோத்திரம் தெரியாத உன்னை நம்பி என் பிள்ளையை எப்படி விடுவேன்? போய் வா."

ஒற்றைக்காதன் பக்கத்துப் புதரில் போய்ப் படுத்துக்கொண்டது.

மறுநாள் மருதி மேயப் போனது. வெண்பட்டு ஒரு கல்மேல் அமர்ந்து துளிரிடம் தன் வம்சப் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தது. பனி இறங்கியது. மரங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

"துளிரே... வா... இங்கே பசும்புல் இருக்கிறது..."

குகையிலிருந்து வந்தது அந்தக் குரல்.

"அப்பா! என் அப்பா!" என்று துள்ளியது துளிர்.

"நீ இங்கேயே இரு. நான் போய்ப் பார்க்கிறேன். எங்களுக்கா பயம்?" என்று வாலை நிமிர்த்திக்கொண்டு பனிக்குள் போனது வெண்பட்டு. சத்தம் எதுவும் கேட்கவில்லை.

மருதி திரும்பி வந்தபோது குகைக்குள்ளிருந்து வெண்பட்டு பேசியது.

"என் பாட்டனார் அரசியின் மடியில் வளர்ந்தவர்..."

உடனே கலைமானின் குரல்: "துளிரே... வா..."

மருதியின் கண்கள் நிறைந்தன. "வெண்பட்டு உன் அப்பாவைக் கண்டுபிடித்துவிட்டது! வா, போகலாம்!"

புதரிலிருந்து பாய்ந்து ஒற்றைக்காதன் வழிமறித்தது. "போகாதீர்கள் அம்மா!"

"விலகு! என் கணவரின் குரல் எனக்குத் தெரியாதா?"

"குரல் அவருடையதுதான். ஆனால் கவனித்துக் கேளுங்கள். பேசுகிறவர் நடுவில் மூச்சு விடவேண்டாமா? இது விடவே இல்லை. இரண்டு குரலும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. ஏதாவது கேட்டுப் பாருங்கள்."

மருதி குகையை நோக்கிக் குரல் கொடுத்தது. "நாம் முதன்முதலில் எங்கே சந்தித்தோம்? சொல்லுங்கள்."

கலைமானும் வெண்பட்டும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"வா... பாட்டனார்... பசும்புல்... மடியில்... வா..."

அவர்களோடு இன்னும் எத்தனையோ குரல்கள் சேர்ந்துகொண்டன. முயல், குரங்கு, மயில் என்று காணாமல் போன எல்லோரும் அதில் இருந்தார்கள்.

"அப்பா!" என்று துளிர் ஓடிவிட்டது.

குகை வாயிலில் மலைப்பாம்பின் தலை எழுந்தது. அது விழுங்கியவர்களின் குரல்கள் எல்லாம் அந்தத் திறந்த வாயிலிருந்துதான் வந்துகொண்டிருந்தன.

ஒற்றைக்காதன் துளிரைத் தாண்டிப் பாய்ந்து பாம்பின் கண்ணில் நகத்தைப் பதித்தது. பாம்பு அதைப் பாறையில் ஓங்கி அடித்தது. பூனை பிடியை விடவில்லை. "கரடி அண்ணா!" என்று அலறியது.

கரடி ஓடிவந்தது. வலி தாங்காமல் பாம்பு உள்ளே சுருண்ட அந்தக் கணத்தில் பூனை வெளியே குதித்தது. கரடி ஒரு பெரிய பாறையை உருட்டிக் குகையை அடைத்தது.

ஒற்றைக்காதனின் பின்னங்கால் முறிந்திருந்தது. மருதி அதன் காயத்தை நக்கிக் கொடுத்தது. "என்னை மன்னித்துவிடப்பா" என்றது.

பாறைக்குப் பின்னாலிருந்து கலைமானின் குரல் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. மருதி ஒருமுறை திரும்பிப் பார்த்தது. பிறகு பூனையை முதுகில் ஏற்றிக்கொண்டு, குட்டியை முன்னால் நடக்கவிட்டு, அந்தக் குரல் எட்டாதபடி காட்டோர ஆற்றின் மறுகரைக்குப் போய்விட்டது.

நீதி: ஒருவரைத் துணையாகச் சேர்க்கும்போது அவருடைய பிறப்பைக் கேட்காதே, அவருடைய குணத்தைப் பார்.