கற்றாழையின் வயிற்றுச் சோறு

செடிகொடிகள் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், கற்றாழை மடலுக்குள் வெறும் தண்ணீர்தான் இருந்தது. ஒரு கீறல் விழுந்தால் போதும், மொத்தமும் ஒழுகிச் செடியே சுருண்டுவிடும். அதனால் எது கிட்டே வந்தாலும் முள்ளைக் காட்டி விரட்டும்.

கடலோரத்தில் கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு விற்ற மாடத்தியோடு மட்டும் அதற்குச் சிநேகம். அவள் குடிசைக்குப் பின்னால்தான் நின்றது. ஒருவரையொருவர் மைனி என்று உறவு சொல்லியே கூப்பிட்டுக்கொள்வார்கள்.

மழை பொய்த்த ஒரு வருஷம், மாடத்தியின் மகள் உலகு, ஆறிவிட்டதென்று நினைத்துச் சூளைச் சாம்பலை மிதித்துவிட்டாள். முழங்கால்வரை வெந்துபோனது. மாடத்தி அரிவாளோடு பின்பக்கம் ஓடினாள்.

"மைனி, ஒரு மடல் தா."

"அரிவாளோட வந்து கேக்குற அழகைப் பாரு! வெட்டினா நான் செத்தேன்."

"எம்பிள்ள கத்துறது ஒனக்குக் கேக்கலையா?"

கேட்டது. கற்றாழை முள்ளை மடக்கிக்கொண்டது. "வெட்டிக்கோ. ஆனா ஒழுகுறதை அடைச்சிரு. நான் இருந்தாத்தான் நாளைக்கும் மடல் உண்டு."

வெட்டிய மடலின் குளிர்ச்சி பட்டதும் உலகு அடங்கினாள். கற்றாழையோ சொட்டிக்கொண்டே இருந்தது. மாடத்தி மண்ணை அப்பினாள், துணியைச் சுற்றினாள், ஒழுகல் நிற்கவில்லை. வீட்டில் மிச்சமிருந்த கடைசிப் பிடி அரிசி கஞ்சியாகிச் சட்டியில் ஆறிக்கொண்டிருந்தது.

"யம்மா, பசிக்கு."

"பொறு தாயி. மொதல்ல கால் ஆறட்டும்."

கஞ்சி முழுவதையும் வெட்டுவாயில் ஊற்றினாள். ஆறின கஞ்சிமேல் ஆடை படர்வதுபோல் காயம் மூடிக்கொண்டது. மறுநாள் வெட்டினாள், தானே மூடிக்கொண்டது. உள்ளே தண்ணீர் இல்லை, வழுவழுவென்று சோறு. அதைத் தடவத் தடவ உலகின் காலில் புதுத்தோல் வந்தது. அதையே ஊட்டியும் பார்த்தாள். வெட்டுப்பட்ட வலியெல்லாம் கசப்பாக இறங்கியிருந்தது, பிள்ளை துப்பிவிட்டது.

கால் நன்றாகவே ஆறிவந்தது. முழுதும் ஆறும்வரை வயிறு காத்திருக்கவில்லை.

பிள்ளையின் குழியை மூடிவிட்டு வந்த மாடத்தி, கற்றாழையை வேரோடு பிடுங்கினாள்.

"எம்பிள்ள சோறு ஒன் வயித்துல கெடக்கு."

"கேட்டது நான்தான் மைனி. கொன்னு போடு."

காய்ந்து சாகட்டும் என்று, வேர் மேலே இருக்க வாசல் நிலையில் கட்டித் தொங்கவிட்டாள். தினமும் விடிந்ததும் வந்து பார்த்தாள். மண் இல்லை, தண்ணீர் இல்லை, குருத்து விட்டிருந்தது. அதற்குமேல் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. தெருவில் போனவர்கள் அதை ஏதோ காவல் என்று நினைத்துத் தங்கள் வாசலிலும் கட்டினார்கள்.

அன்றிலிருந்துதான் கற்றாழை, எத்தனை முறை வெட்டினாலும் தன் காயத்தைத் தானே மூடிக்கொண்டு, ஊரார் தீப்புண்ணை ஆற்றிக்கொண்டு, வாசல்தோறும் தலைகீழாகத் தொங்குகிறது, வாய் திறக்காமல், சாகவும் முடியாமல்.