ஐந்து மூட்டை தாங்கிய ஊஞ்சல் கொக்கி

முன்னொரு காலத்தில் மேழிமலை நாட்டை வல்லகண்டன் என்றோர் அரசன் ஆண்டுவந்தான். அவன் போரில் தோற்றதே இல்லை. போருக்குப் போனதும் இல்லை. அவனிடம் ஒரே ஒரு குறை, உட்காரத் தெரியாது. ஆசனத்தைக் கண்டால் மூன்றடி பின்னால் போவான், ஓடிவந்து எம்பிக் குதிப்பான், தொப்பென்று விழுவான். அதுதான் ராஜ கம்பீரம் என்று சின்ன வயதில் யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

இந்தச் சங்கதி நாட்டில் ஒருவருக்கும் தெரியாது. அரசர் அமரும்போது எல்லோரும் குனிந்து தரையைப் பார்க்க வேண்டும் என்பது அரண்மனை வழக்கம். சத்தம் கேட்டதும் நிமிரலாம். இருபது வருஷமாக அவர்கள் சத்தத்தை மட்டும்தான் கேட்டுவந்தார்கள். சிம்மாசனத்துக்கு ஆறு முறை கால் மாற்றியாயிற்று. மரம் சரியில்லை என்று ஆறு தச்சர்களை நாட்டைவிட்டே துரத்தியுமாயிற்று.

ஆடி பிறக்கப்போகிறது, ஊஞ்சல் வேண்டும் என்றான் அரசன். கொல்லர் பூவலிங்க ஆசாரிக்கு உத்தரவு போயிற்று. அவர் பல்லக்குத் தூக்கிகளிடம் ரகசியமாக விசாரித்தார். அரசரின் கனம் ஒன்றரை மூட்டை நெல் என்றார்கள். ஆசாரி சங்கிலியும் கொக்கியும் அடித்து, பலகையில் ஐந்து மூட்டை நெல்லை ஒவ்வொன்றாக இறக்கி, மூன்று நாள் தொங்கவிட்டுப் பார்த்தார். கொக்கி அசையவில்லை. நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்.

ஆடி முதல் நாள் அரசன் வந்தான். எல்லோரும் குனிந்தார்கள். சத்தம் கேட்டது, ஆனால் வழக்கத்தைவிடப் பெரிதாக. நிமிர்ந்தபோது கொக்கி ஒடிந்து கிடந்தது. அரசன் தரையில் இருந்தான்.

அடுத்த நாள் சபை கூடியது. அரசன் நான்கு தலையணை மேல் சாய்ந்திருந்தான். அரண்மனை அதிகாரி திருவம்பலத்தார் முந்திக்கொண்டு எழுந்தார். அவருடைய மச்சானும் ஒரு கொல்லன். அரண்மனை வேலை அவனுக்குக் கிடைக்கவில்லையே என்று அவருக்கு வயிற்றெரிச்சல்.

"இரும்பில் கலப்படம், அரசே!"

"இல்ல சாமி," என்றார் ஆசாரி. "அஞ்சு மூட்டைய மூணு நாள் தாங்குச்சே!"

"ஓகோ! அப்படியானால் நம் அரசர் ஐந்து மூட்டையைவிடக் கனம் என்கிறாயா?"

ஆமாம் என்றால் ராஜ நிந்தனை, தலை போகும். இல்லை என்றால் இரும்பு மட்டம், கை போகும். ஆசாரி கொஞ்சம் யோசித்துப் பார்த்து, "இல்ல சாமி," என்றார்.

"பொழுது சாய்வதற்குள் இவன் வலது கையை வெட்டுங்கள்," என்றான் அரசன்.

அப்போது அமைச்சர் சொக்கேசர் எழுந்தார். இருபது வருஷம் தரையைப் பார்த்தவர்தான் அவரும். ஆனால் குனிந்திருக்கும்போது காதைத் திறந்துவைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

"அரசே, நடந்ததைச் சொல்ல அந்தக் கொக்கிக்கு வாயில்லை. அது இருந்த இடத்தில் வாயுள்ள ஒருவரை வைத்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். திருவம்பலத்தாரே, அரசரின் கனத்தை உங்கள் முதுகு தாங்குமா?"

திருவம்பலத்தார் சிக்கிக்கொண்டார். "அது… என் பாக்கியமல்லவா!" என்றார்.

அவரை முழங்காலிட்டுக் கையை ஊன்றவைத்தார்கள். நான்கு காவலர்கள் அரசனைத் தூக்கி, அவர் முதுகில் மெல்ல இறக்கினார்கள்.

"எப்படி இருக்கிறது?" என்று கேட்டார் அமைச்சர்.

"பா… பாக்கியம்," என்றார் திருவம்பலத்தார். முகம் சிவந்தாலும் தாங்கினார்.

"நல்லது. அரசே, இப்போது எழுந்து, தாங்கள் வழக்கமாக அமர்வதுபோல் இவர்மேல் அமர்ந்தருள வேண்டும்."

அரசனுக்கு இது பிடித்துவிட்டது. சபை குனிந்தது. திருவம்பலத்தாரும் தரையைப் பார்த்தபடி காத்திருந்தார். காலடி ஒன்று பின்னால் போயிற்று. இரண்டு. மூன்று. பிறகு தடதடவென்று ஓடிவரும் சத்தம். அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். பார்த்தவர் உருண்டே போய்த் தூணைக் கட்டிக்கொண்டார்.

"ஐயோ அரசே, வேண்டாம்! இடுப்பு ஒடிந்துவிடும்!"

அரசன் கால்களை ஊன்றிச் சறுக்கி நின்றான். "முன்பும் நான்தானே உட்கார்ந்தேன்? அதற்குள் கனம் கூடிவிட்டேனா?"

"மெல்ல உட்கார்வதும் மேலிருந்து வந்து விழுவதும் ஒன்றாகுமா அரசே!"

சொல்லி முடித்த பிறகுதான், யாரைப் பார்த்து என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது.

"ஒடிந்தபோது கொக்கியும் இதையேதான் சொன்னது," என்றார் அமைச்சர். "பாவம், அதற்கு உருண்டு ஓட வழியில்லை."

அரசன் சிம்மாசனத்தின் புதுக் காலைப் பார்த்தான். "அந்த ஆறு தச்சர்களையும் திரும்பக் கூப்பிடுங்கள்," என்றான். பிறகு ஆசாரியிடம், "கையைப் பத்திரமாக வைத்துக்கொள். நான் குதித்தாலும் தாங்கும்படி செய்வாயா?" என்று கேட்டான்.

"எவ்வளவு உசரத்துலேருந்து சாமி?"

அரசன் தொண்டையைக் கனைத்தான். "இடுப்பு உயரம்."

"இத முன்னாடியே சொல்லியிருந்தா வேற மாதிரி அடிச்சிருப்பேன் சாமி. கொக்கியத் தடிமனாக்கணும். மேல வில்லு மாதிரி பட்டை இரும்பு வச்சி, கொஞ்சம் வளைஞ்சு குடுக்கவும் விடணும். வெறும் விறைப்பா இருந்தா அடி வாங்குன வேகத்துல ஒடிஞ்சிரும்."

அமைச்சருக்கு முத்துமாலையும் ஆசாரிக்குப் பட்டும் கொடுத்தான் அரசன். திருவம்பலத்தாருக்குப் புதிய பதவி கிடைத்தது: அரசரின் கனம் வரும்படி அரை மூட்டை நெல்லைத் தோளில் வைத்துக்கொண்டு, ஊஞ்சலில் நூறு முறை குதித்துச் சோதிக்க வேண்டும். நூறாவது முறை குதித்த பிறகும் கொக்கி அப்படியே இருந்தது. அவர்தான் ஒரு மாதம் நிமிரவில்லை.

இனி அரசர் அமரும்போது எல்லோரும் பார்க்கலாம் என்றும் உத்தரவாயிற்று. ஊஞ்சல் விழாவன்று ஊரே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது. அரசன் மூன்றடி பின்னால் போனான். அத்தனை கண்களையும் ஒரு சுற்றுப் பார்த்தான். பிறகு நடந்து வந்து, சங்கிலியைப் பிடித்து, ஓசைப்படாமல் உட்கார்ந்தான்.

ஊர் ஆரவாரித்தது. ஆசாரி மட்டும் மேலே தன் பட்டை இரும்பையே பார்த்துக்கொண்டு நின்றார். இவ்வளவு பாடுபட்டு அடித்த இரும்பு ஓர் இம்மிகூட வளையவில்லையே என்று அவருக்கு ஒரே வருத்தம்.