கண்மாயை விட்டு நகராதவர்

ஆலங்குட்டிக் கண்மாய்க்கு இழைக்கப்பட்ட அநியாயங்களை வரிசை பிசகாமல் சொல்கிறேன். முதலாவது, ஜமீன் அதை வளைத்துக்கொண்டது. இரண்டாவது, ஜமீன் போனபின் குத்தகைக்காரர் தனுக்கோடி வளைத்துக்கொண்டார்; ஊராரைத் தூண்டில் போடவும் விடவில்லை. மூன்றாவது, நியாயம் கேட்கப்போன எங்களுக்கு அடி விழுந்தது. நான்காவது, மறியல் செய்து, ஜெயிலில் களி தின்று மீட்ட கண்மாயை நாங்களே மீன் வளர்ப்போர் சங்கத்திடம் ஒப்படைத்தோம். முதல் மூன்றுக்கு எதிரிகளைக் குற்றம் சொல்லலாம்.

சங்கத் தலைவர் ஒச்சப்பன், செயலாளர் சடையாண்டி. நல்லவர்கள். சொன்னதை அப்படியே செய்வார்கள். அதுதான் தொல்லை.

மீன்வள அதிகாரியம்மா குஞ்சு மீன்களைப் பையில் கொண்டுவந்தார். பையோடு கொஞ்ச நேரம் மிதக்க விடுங்கள், கண்மாய்த் தண்ணீர் பழகட்டும், திடீரென்று விட்டால் செத்துப்போகும் என்றார். அப்படியே செய்தார்கள். ஒன்றும் சாகவில்லை. அன்று முதல் அவர்களுக்கு அதுவே சட்டம்.

ஒரு விடியற்காலை மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. காற்றுப் போதவில்லை, ஏதாவது செய்யுங்கள் என்று அம்மா போனில் சொன்னார். சங்கம் முழுவதும் பனையோலை விசிறியோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மீன்களுக்கு விசிறியது. இத்தனை பேர் மிதித்துக் கலக்கியதில் தண்ணீரில் காற்று ஏறி, மீன்கள் பிழைத்தன. பெருமையெல்லாம் விசிறிக்குப் போனது.

அறுவடை நாள் வந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி, முதலில் பிடித்த மீனைக் கரையிலேயே வறுத்து எல்லாரும் தின்ற பிறகுதான் அடுத்த குத்தகை எழுதுவார்கள். வறுவல் கெட்டால் சங்கம் லாயக்கில்லை என்று தனுக்கோடி கண்மாயைக் கேட்பார். அதற்காகவே வெள்ளை வேட்டியில் வந்து நின்றார்.

வறுவலுக்குப் பேர்போன வீராயி எண்ணெயைக் காயவைத்து, மிளகாய்த்தூள் தடவிய மீன் ஒன்றை எடுத்தாள். ஒச்சப்பன் குறுக்கே கை நீட்டினார்.

“நில்லு தாயி. திடீர்னு போட்டா செத்துப்போகும்.”

“அண்ணே, இது காலையிலேயே செத்துருச்சு.”

ஒச்சப்பன் சடையாண்டியைப் பார்த்தார். சடையாண்டி வெகுநேரம் யோசித்து, செத்த மீனுக்கு விலக்கு உண்டென்று அம்மா சொல்லவில்லையே என்றார்.

ஆகவே எண்ணெய்ச் சட்டியை இறக்கி, ஆறவைத்து, கண்மாயில் மிதக்கவிட்டார்கள். இருந்ததிலேயே பெரிய கட்லா மீனுக்கு மசாலா தடவி, பழகட்டும் என்று உள்ளே கிடத்தினார்கள். அதற்கு இன்னும் உயிர் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கட்லா ஒரு துள்ளுத் துள்ளியது. சட்டி கவிழ்ந்தது. கட்லா மசாலாவோடு வீடு போய்ச் சேர்ந்தது.

தனுக்கோடி சிரித்தார். வீராயி சிரிக்கவில்லை. வேறு சட்டி வைத்து, தலைவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டே மிச்ச மீனை வறுத்து முடித்தாள். கரையெல்லாம் வாசனை. குத்தகை எழுத வந்துசேர்ந்த அதிகாரியம்மா இரண்டு துண்டு தின்றார். தனுக்கோடி நான்கு.

கண்மாய் சங்கத்துக்கே என்று அம்மா சொல்லிவிட்டார். ஒரே நிபந்தனை: திருட்டு வலை விழாமல் பார்க்க, கண்மாயை விட்டு ஒருநாளும் நகராத ஒருவரைப் பொறுப்பாளராக்கி, அவர் பெயரைச் சாட்சிகள் முன் படிக்க வேண்டும்.

சங்கம் கூடிப் பேசியது.

“நான் ராத்திரி வீட்டுல படுக்குற ஆளு. ஆகாது,” என்றார் ஒச்சப்பன்.

“எனக்கு மாமியார் வீடு இருக்கு,” என்றார் சடையாண்டி.

“அப்ப யாருதான்யா?” என்றார் ஒச்சப்பன்.

“சட்டியில ஏத்தி விட்டும் போகமாட்டேன்னு திரும்பிட்டாரே, அவர விட்டா யாரு?”

சாட்சிகள் ஆமென்று தலையாட்டினார்கள். சடையாண்டி எழுந்தார், துண்டை உதறித் தோளில் போட்டார், தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கப் படித்தார்:

“பொறுப்பாளர், திரு. கட்லா அவர்கள். இருப்பிடம், நடுக் கண்மாய்.”