சிவப்புத் துணி கட்டிய மரங்கள்

"டீச்சர், நாளையோட காட்டுக்குள்ள இருக்கிற பெர்மிட் முடியுது. தவளை எங்கே?" என்று கேட்டார் மாசிலாமணி.

ஞானசௌந்தரி சுக்குக்காப்பியை ஊதிக்கொண்டிருந்தாள். பொதிகை மலையில் அவள் கால் படாத முகடு கிடையாது. அதுவரை பெயரே இல்லாத பதினோரு உயிர்களைக் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்னவள். மாசிலாமணி அவளைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். ஆனாலும் சிஷ்யர் அவர்தான்.

இருபது வருஷத்துக்கு முன்னால் இதே காட்டில் ஒரு தவளைச் சத்தம் கேட்டார். வெண்கல மணியை விரலால் சுண்டினாற்போல இருந்ததாம். ஒருத்தரும் நம்பவில்லை. 'தவளை வாத்தியார்' என்று ஊரே கேலி பண்ணியது. சாவதற்குள் அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும், மனுஷனுக்கு அவ்வளவுதான் ஆசை.

ஒன்பது நாளாகக் காட்டையே சலித்தாயிற்று. தேடி முடித்த இடத்தில் ஒரு மரத்தில் சிவப்புத் துணி கட்டுவார்கள். 'இங்கே ஒன்றுமில்லை, மறுபடி தேட வேண்டாம்' என்று அர்த்தம். நாற்பத்தொரு மரத்தில் கட்டியிருந்தார் மாசிலாமணி.

"மேல ஒரு முகடு பாக்கி இருக்கு. விடிஞ்சதும் ஓடிப்போய்ப் பாத்துரட்டுமா?"

"வேண்டாம் அண்ணாச்சி. கட்டின துணியெல்லாம் அவுத்துட்டு வாங்க."

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "கந்தல் பொறுக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்?"

அவள் ஒரு காலிப் பையை நீட்டினாள்.

காலையில் முணுமுணுத்துக்கொண்டே முதல் மரத்துக்குப் போனார். மழையில் முடிச்சு இறுகிக் கிடந்தது. நகத்தால் நெம்பினார். பல்லால் கடித்தார். ம்ஹூம். அங்கேயே நின்று மல்லுக்கட்டினார். ஒன்பது நாளில் ஓரிடத்தில் அவர் இவ்வளவு நேரம் நின்றதே இல்லை.

டிங்.

காலடியில்தான்.

குனிந்தார். துணி கட்டிய அன்றைக்கு அவருடைய பூட்ஸ் அழுத்திய குழியில் மழைத்தண்ணீர். அதன் ஓரத்தில், கட்டைவிரல் நகம் அளவில், மஞ்சள் தொண்டையை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"டீச்சர்! ஏ டீச்சர்! இருக்கு! ஐயோ, இருக்கு டீச்சர்!"

கத்தினால் ஓடிவிடுமோ என்று பயந்து, ரகசியமாகவே கத்தினார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

பின்னால் வந்துகொண்டிருந்த ஞானசௌந்தரி சேற்றில் மண்டியிட்டுப் பார்த்தாள்.

"இந்த இடத்தைப் பத்தி நோட்டுல என்ன எழுதினீங்க அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்லைன்னு."

படம் எடுத்தார்கள். சத்தத்தைப் பதிவு செய்தார்கள்.

"கிடைச்சிருச்சுல்ல, கிளம்பலாமா? கீழே ஜீப் நிக்குது" என்றபடி எழுந்தாள் அவள்.

பக்கத்தில் ஆளைக் காணோம். ஒருவழியாக அவிழ்த்த முதல் துணியைப் பையில் போட்டு, தோளில் மாட்டிக்கொண்டு மாசிலாமணி இரண்டாவது மரத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்.

"இன்னும் நாப்பது மரம் இருக்கே டீச்சர்!"