கம்பாகிப் போன ராஜா

முன்னொரு காலத்தில், தெருவுக்கு ஒரு மந்திரவாதி திரிந்த காலத்தில், மூங்கிலாற்று நாட்டை முத்துவேந்தன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்ல ராஜா. சிலம்பம் என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

அந்த ஊர்ச் சிலம்பக் கூடத்துக்குக் கம்பு செய்கிறவள் அங்கம்மா. மூங்கிலை வெட்டி, ஆற்றில் ஊறப்போட்டு, நெருப்பில் வாட்டி நேராக்கி, ஆடுகிறவரின் புருவம் வரை அளந்து நறுக்குவாள். செய்வது மட்டுமா? தினமும் காலையில் ராஜாவோடு கம்பு சுற்றுகிறவளும் அவள்தான். ஜெயிக்கிறவளும் அவள்தான்! தலைக்கு அடிப்பதுபோல ஓங்குவாள். ராஜா கம்பைத் தலைக்கு மேல் தூக்குவான். அவள் காலில் தட்டிவிடுவாள். பத்து வருஷமாக அதே ஓங்கல், அதே தூக்கல், அதே தட்டல்.

"ஐயோ, காலு!" என்று குதிப்பான் ராஜா. "நாளைக்கு ஏமாற மாட்டேன் பாரு!"

நாளைக்கும் ஏமாறுவான்.

இப்படி இருக்கையில், கோரைப்பல்லன் என்ற மந்திரவாதிக்குச் சிம்மாசனத்தில் உட்கார ஆசை வந்துவிட்டது. ராஜா தனியாகக் கூடத்தில் இருந்த நேரம் பார்த்து ஒரு பிடி சாம்பலை ஊதினான். ராஜா கம்பாகிப் போனான்! மந்திரவாதி ராஜாவின் உருவத்தை எடுத்துக்கொண்டான். மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் அந்தக் கம்பை எரித்துவிட்டால், அந்த உருவம் என்றைக்கும் அவனுக்கே. அதுவரை யாரும் கண்டுபிடிக்கக் கூடாதே என்று, கூடத்துக் கம்புகள் அத்தனையையும் ஒரே அச்சாக மாற்றி, கூடத்தையும் பூட்டிவைத்தான்.

கெட்டிக்காரன்தான். ஆனால் வாழ்நாளில் ஒரு நாளாவது கம்பு பிடித்தவனா அவன்?

மூன்றாம் நாள் மந்திரிகள் புடைசூழ வந்து கூடத்தைத் திறந்தான். "இந்த மூங்கில் குப்பையை முற்றத்தில் கொட்டிக் கொளுத்துங்கள்! இனி நம் வீரர்களுக்கு மந்திர வாள் தருகிறேன். பயிற்சியே வேண்டாம்!" என்று சொல்லிக்கொண்டே, தரையில் கிடந்த ஒரு கம்பைத் தாண்டி நடந்தான்.

கூடவே உள்ளே வந்த அங்கம்மாவுக்குத் திக்கென்றது. கம்பைத் தாண்டுவதா? அந்தக் கூடத்தில் ஐந்து வயதுப் பிள்ளைகூடத் தாண்டாதே! குனிந்து எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஓரமாகச் சாத்திவைக்கும். முத்துவேந்தன் காய்ச்சலோடு தள்ளாடி வந்த நாளிலும் அப்படித்தான் செய்தான். "இது நம்ம ராஜா இல்லை" என்று அவளுக்குப் பட்டுவிட்டது.

கிடந்த கம்பை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு மற்றவற்றைப் பார்த்தாள். அவள் செய்தது நூறு கம்பு. இப்போது நூற்றொன்று இருந்தது. ஆளுக்கு ஒரு உயரமாக நறுக்கியவை எல்லாம் ஒரே உயரம், ஒரே கணு. எதையோ ஒளித்து வைக்கத்தானே இந்த வேலை? இதற்குள் கூடுதலாக இருக்கிற ஒன்றுதான் ராஜா!

"மகாராஜா, எரிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கம்புக்கும் கடைசி வணக்கம் வைக்கணும். கூடத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததா?" என்றாள்.

மந்திரிகள் தலையாட்டினார்கள். கள்ள ராஜா பல்லைக் கடித்துக்கொண்டான். "ம்... உச்சிப்பொழுது முரசு அடிக்கும்வரை!"

முற்றத்தில் வரிசையாகக் கம்புகளைக் கிடத்தினாள் அங்கம்மா. "மகாராஜா! நான்தான் வந்திருக்கேன்" என்று மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தாள். மரம் மரமாகவே கிடந்தது. மண்ணைத் தொட்டு ஒவ்வொன்றுக்கும் வணக்கம் வைத்துப் பார்த்தாள். மரம் மரமாகவே கிடந்தது. முரசுக்காரன் கோலை எடுத்துவிட்டான். தீப்பந்தமும் வந்துவிட்டது. அங்கம்மாவுக்கு அழுகை முட்டியது.

சட்டென்று கண்ணைத் துடைத்தாள். எத்தனை மந்திரம் போட்டால் என்ன, பத்து வருஷப் பழக்கம் போய்விடுமா? கையிலிருந்த கம்பைச் சுழற்றி, வரிசையில் ஒவ்வொன்றின் தலைக்கும் அடிப்பதுபோல ஓங்கிக்கொண்டே போனாள். முதல் கம்பு அசையவில்லை. பத்தாவது அசையவில்லை. ஐம்பதும் தாண்டிவிட்டது. முரசு 'தொம்' என்றது. அவள் ஓங்கினாள். ஒரு கம்பு விருட்டென்று எழும்பி, அவள் அடியைத் தடுக்கக் குறுக்கே நின்றது!

அங்கம்மா அதன் கீழ்முனையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"ஐயோ, காலு!"

முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றவன் சாட்சாத் முத்துவேந்தன்! கூட்டம் ஓவென்று ஆர்ப்பரித்தது. கள்ள ராஜா எடுத்தான் ஓட்டம். அங்கம்மா தன் கையிலிருந்த கம்பை அவன் வழியில் உருட்டிவிட்டாள். காலையில் அவன் தாண்டிய அதே கம்பு. இப்போதும் தாண்டத்தான் பார்த்தான். கால் இடறிக் குப்புற விழுந்தான். ராஜா உருவம் உதிர்ந்தது. கோரைப்பல்லன் பெருச்சாளியாகிச் சாக்கடைக்குள் நுழைந்து தொலைந்தான். கம்புகளும் பழையபடி அவரவர் புருவ உயரத்துக்கு வந்துவிட்டன.

ராஜா தரையில் கிடந்த அந்தக் கம்பை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஆற்றங்கரை மூங்கில் காடு முழுவதையும் அங்கம்மாவுக்கே எழுதிக் கொடுத்தான். அப்புறம் மந்திரிகள் காதில் விழாமல், "அங்கம்மா, அந்த அடியைத் தடுக்கிறது எப்படின்னு இனிமேலாவது சொல்லிக்கொடேன்" என்று கெஞ்சினான்.

"மாட்டேன் மகாராஜா. மறுபடியும் நீங்க தொலைஞ்சு போனா நான் எப்படிக் கண்டுபிடிக்கிறதாம்?" என்று சிரித்தாள் அங்கம்மா.

மறுநாள் காலையில் அவள் ஓங்கினாள். ராஜா தலைக்கு மேல் தூக்கினான்.